ஆசோவில் சந்திப்போம்



மூன்று வாரங்களாக இப்பகுதியில் உங்களைச் சந்திக்க இயலவில்லை. விடுப்பில் சென்றிருந்தேன் என்பதைச் சபையார் அறிவீர்கள். எங்கே சென்றேன், எதற்காகச் சென்றேன் என்பதை நான் அதிகம் பேரிடம் சொல்லவில்லை. இன்று சொல்லுகிறேன். இதில் என் மகனைப் பற்றிய செய்தியும் வருகிறது. எழுதுவதற்கு முன் அவனிடம் அனுமதி கேட்டேன். "உங்களைப் பற்றியும் மறைக்காமல் எழுதுவதாக இருந்தால் எழுதுங்கள், அப்பா" என்றான். அந்த நிபந்தனையின்படியே எழுதுகிறேன்.

அப்போஸ்தலருடைய நடபடிகள் 20-ஆம் அதிகாரத்தை நீங்கள் நன்கு அறிவீர்கள். நானும் பலமுறை அதிலிருந்து பிரசங்கித்திருக்கிறேன். துரோவா பட்டணத்தில் நள்ளிரவு வரை நீண்ட பிரசங்கத்தின்போது தூங்கி, மூன்றாம் மாடியின் ஜன்னலிலிருந்து விழுந்த ஐத்திகுவைப் பற்றிச் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். மிலேத்துவில் எபேசு சபையின் மூப்பர்களுக்குப் பவுல் விடைகொடுத்ததைச் சொல்லி உங்களைக் கலங்க வைத்திருக்கிறேன். ஆனால் அவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள 13, 14 வசனங்களில் ஒருமுறையேனும் நான் நின்றதில்லை. பயணக் குறிப்புதானே என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

அவ்வசனங்கள் சொல்வது இவ்வளவே. லூக்காவும் மற்றத் தோழர்களும் துரோவாவில் கப்பலேறி ஆசோவுக்குச் சென்றார்கள். பவுல் மட்டும் அவர்களோடு ஏறவில்லை. அவர் தரைமார்க்கமாக ஆசோவுக்கு வருவதாகவும், அங்கே அவரைக் கப்பலில் ஏற்றிக்கொள்வதாகவும் அவரே ஏற்பாடு செய்திருந்தார். அவ்வாறே சந்தித்தார்கள், பிறகு எல்லாரும் ஒன்றாய் மித்திலேனேக்குப் போனார்கள். பவுல் ஏன் தனியே நடந்தார் என்பதற்கு லூக்கா காரணம் கூறவில்லை.

சென்ற செப்டம்பர் மாதத்தில், நான் அதே பாதையைக் காரில் கடந்தேன். என் மகன் அதே கடலைப் பாய்மரப்படகில் கடந்தான். நாங்கள் ஏன் தனித்தனியே போனோம் என்பதற்குக் காரணம் உண்டு.

என் மகன் ஜெர்மனியில் பணிபுரிகிறான். அவனோடு வேலை செய்யும் துருக்கிய நண்பர் ஒருவருக்குச் சொந்தமாகச் சிறிய பாய்மரப்படகு ஒன்று உண்டு. அதைச் சானக்கலே என்னும் ஊரிலிருந்து தெற்கே அய்வாலிக் வரை கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. "அம்மா போனபிறகு நாம் இருவரும் ஒரு நாள்கூடச் சேர்ந்து இருக்கவில்லை, அப்பா. நீங்களும் வாருங்கள். துரோவா, ஆசோ எல்லாம் அந்த வழியில்தான் இருக்கின்றன" என்று மகன் அழைத்தான். என் துணைவியார் கர்த்தருக்குள் நித்திரையடைந்து இரண்டு ஆண்டுகள் நிறைவடைந்திருந்தன. அவன் அழைப்பில் வேதாகம ஊர்களின் பெயரைச் சேர்த்தது எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். ஏனெனில் அவன் ஆலயத்துக்குப் போவதை நிறுத்தியும் ஏறக்குறைய அதே இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

படகு தெற்கே போனால், திரும்பி வருவதற்கு வாகனம் வேண்டுமல்லவா? அதற்காக அந்த நண்பரின் தந்தை தம்முடைய பழைய காரில் கரையோரமாகவே எங்களைப் பின்தொடர்ந்து வருவதாக ஏற்பாடு. அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவருக்கும் கடலுக்கும் ஒத்துக்கொள்ளாதாம். எனக்கும் அப்படியே என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. சானக்கலேயிலிருந்து நீரிணையைக் கடந்து போஸ்ஜாடா என்னும் தீவை அடைவதற்குள், கரிசல் மண்ணில் பிறந்த இந்தப் போதகர் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உண்டதையெல்லாம் ஏஜியன் கடலுக்குக் கொடுத்துவிட்டார்.

அன்றிரவு போஸ்ஜாடாவின் கோட்டைக்கு அருகே, துறைமுகத்தின் உணவகம் ஒன்றில் அமர்ந்திருந்தோம். திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த அழகான தீவு அது. உணவு வந்தது. நான் வழக்கம்போல் கண்களை மூடி ஜெபித்தேன். கண்களைத் திறந்தபோது மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ ஜெபிக்கவில்லையா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"என்னால் முடியவில்லை, அப்பா" என்றான். சற்று நேரம் கழித்து, "அம்மாவுக்காக நீங்கள் அழுது நான் பார்க்கவே இல்லை. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் பிரசங்க பீடத்தில் நின்றீர்கள். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. அம்மா இல்லாமல் போனது உங்களுக்கு ஒன்றுமே இல்லையோ என்று நினைத்தேன். அப்படி ஆக்குகிற நம்பிக்கை எனக்கு வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்" என்றான்.

அன்பானவர்களே, அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது நான் சொன்னது வேறு. "உன் அம்மா உன்னை இப்படி வளர்க்கவில்லை" என்றேன். இறந்துபோனவளை எடுத்து, அவள் பெற்ற பிள்ளையை அடித்தேன். அவன் எழுந்து படகுக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் நான் படகில் ஏறவில்லை. கடல் மயக்கத்தைக் காரணமாகச் சொன்னேன். அது பாதி உண்மை. "மூன்று நான்கு மணிக்குள் ஆசோ துறைமுகத்துக்கு வந்துவிடுவோம்" என்று அந்த நண்பர் சொன்னார். மகன் பாய்க்கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தான், தலை நிமிரவில்லை. நான் பயணிகள் கப்பலில் ஏறி மறுகரையிலுள்ள கெயிக்லி துறையில் இறங்கினேன். பெரியவர் காரோடு காத்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் துருக்கி மொழி தெரியாது. இருவருக்குமாகச் சேர்த்து இருபது ஆங்கிலச் சொற்கள் இருந்தன. அன்று அதுவே எனக்கு ஆறுதலாக இருந்தது. யாரிடமும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

துறையிலிருந்து சற்றுத் தெற்கே தால்யான் என்னும் சிற்றூரை ஒட்டி இருக்கிறது துரோவா. அலெக்சாந்தரின் தளபதிகளுள் ஒருவர் கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய பட்டணம். பின்னர் ரோமரின் குடியேற்றமாகச் செழித்தது. இன்று அங்கே மக்கள் இல்லை. கருவாலி மரங்களின் நிழலில், புல்லுக்கும் புதருக்கும் நடுவே சுவர்களும் வளைவுகளும் நிற்கின்றன. இரண்டாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட மாபெரும் குளியல் மண்டபத்தின் இடிபாடுகளே இப்போது அங்கு உயர்ந்து தெரிபவை. கப்பல்கள் வந்துபோன துறைமுகம் மணல்மூடிச் சிறு குட்டையாகிவிட்டது. கரையில் கருங்கல் தூண்கள் விழுந்து கிடக்கின்றன.

மக்கெதோனியனின் அழைப்பைப் பவுல் தரிசனத்தில் கண்ட ஊர் இது. கார்ப்பு என்பவன் வீட்டில் தம் மேலங்கியையும் புஸ்தகங்களையும் அவர் விட்டுவந்த ஊர் இது. நான் ஒரு தூணின்மேல் அமர்ந்து, இருபதாம் அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பவுல் அந்த இரவு முழுவதும் தூங்கவில்லை. விடியற்காலம் வரைக்கும் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் புறப்பட்டிருக்கிறார். களைத்த மனிதர் கப்பலில் ஏறிப் படுத்திருக்கலாம். அவரோ ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தூரத்தைத் தரைவழியே கடக்கத் தீர்மானித்தார். எருசலேமில் கட்டுகளும் உபத்திரவங்களும் காத்திருக்கின்றன என்று பட்டணந்தோறும் அவருக்கு உணர்த்தப்பட்டுவந்த நாட்கள் அவை. ஜனங்கள் சூழ இருந்தவருக்குச் சற்று நேரம் யாருமில்லாத பாதை தேவைப்பட்டிருக்கலாம். நான் அப்படித்தான் எண்ணினேன். "பவுலும் என்னைப்போலத் தனிமையைத் தேடியவர்தான்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கார் தெற்கு நோக்கி ஓடியது. ஒலிவத் தோப்புகள், வெயிலில் மஞ்சளித்த புல்வெளிகள், செம்மறி மந்தைகள். தூஸ்லா என்னும் ஊரருகே உப்புநீர் வெந்நீராய்ப் பூமியிலிருந்து வெளிப்பட்டு ஆவி எழும்புகிறது. குல்பினார் கிராமத்தில் அப்பொல்லோ என்னும் கிரேக்க தேவதையின் கோயில் இடிந்து நிற்கிறது. எலிகளின் அதிபதியாக அத்தேவதையை அங்கே வணங்கினார்களாம். பவுல் நடந்த காலத்தில் அது எழும்பி நின்ற கோயில். அவர் அதைப் பார்த்திருக்கக்கூடும்.

குல்பினாரிலிருந்து பெரியவர் காரைக் கடற்பக்கம் திருப்பினார். "பாபாகலே. சன்ஸ்" என்று சொல்லி, கையால் பாய் போலச் செய்துகாட்டினார். எங்கள் மகன்களைப் பார்க்கலாம் என்கிறார் என்று புரிந்தது.

ஆசியா கண்டத்தின் பெருநிலப்பரப்பு மேற்கே முடிகிற முனை அது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒட்டோமானியர் கட்டிய கோட்டை ஒன்று அங்கே உண்டு. கோட்டைக்குக் கீழே மீன்பிடித் துறைமுகம். வடக்கிலிருந்து வரும் கப்பல்கள் இம்முனையைச் சுற்றியே கிழக்கே ஆசோவுக்குத் திரும்ப வேண்டும். கடல்வழி சுற்றுவழி; தரைவழி குறுக்குவழி. கால்நடையாய்ப் போகிறவரும் கப்பலில் போகிறவர்களும் ஓரிடத்தில் சந்திக்க இயலும் என்று பவுல் கணக்கிட்டது எப்படி என்பது அம்மதிலின்மேல் நின்றபோது கண்ணுக்கே தெரிந்தது.

வாடைக்காற்று பலமாய் வீசியது. கடல் எங்கும் வெண்ணுரை. வெகுநேரம் நின்றபின் வடக்கே ஒரு சிறு வெள்ளைப் பாய் தெரிந்தது. பெரியவர் என் தோளைத் தட்டிக் காட்டினார். அது ஒருபுறம் சாய்ந்து சாய்ந்து வந்தது. நான் கையை உயர்த்தி அசைத்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து அவனுக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஆயினும் அசைத்துக்கொண்டே நின்றேன். கை வலித்தபின் காரில் ஏறினோம்.

ஆசோவை இன்று பெஹ்ராம்கலே என்கிறார்கள். கடலிலிருந்து இருநூறு மீட்டருக்குமேல் எழும்பிய பாறைக்குன்று. உச்சியில் கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அத்தேனே கோயிலின் தூண்கள் சில. தத்துவஞானி அரிஸ்டாட்டில் மூன்று ஆண்டுகளளவு தங்கியிருந்த ஊர். எதிரே கடலின் மறுபுறம் லெஸ்போஸ் தீவு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரிகிறது. அதிலுள்ள பட்டணமே மித்திலேனே. குன்றின்மேல் பதினான்காம் நூற்றாண்டுப் பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது. பழைய கிறிஸ்தவ ஆலயம் ஒன்றின் கற்கள் அதன் வாசலில் உள்ளன. நிலையின்மேல் கிரேக்க எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. பெரியவர் உள்ளே போய்த் தொழுதார். நான் வெளியே மதிலோரம் நின்று ஜெபித்தேன். இருவரும் ஒரே படகுக்காகத்தான் மன்றாடினோம் என்று நினைக்கிறேன்.

குன்றிலிருந்து செங்குத்தான வளைவுப்பாதை துறைமுகத்துக்கு இறங்குகிறது. மிகச் சிறிய துறைமுகம். முற்காலத்தில் தோல் பதனிடப் பயன்பட்ட கருவாலிக் கொட்டை மேல்மூடிகளைச் சேமித்துக் கப்பலேற்றிய கற்கட்டடங்கள், இன்று விடுதிகளாக இருக்கின்றன. மூன்று மணிக்கு அங்கே போய் நின்றோம்.

நான்கு மணி ஆயிற்று. ஐந்து ஆயிற்று. படகு வரவில்லை.

மகனை அழைத்தேன், தொடர்பு கிடைக்கவில்லை. எதிரே உள்ளது கிரேக்க நாட்டுத் தீவு என்பதால், என் கைப்பேசி கிரேக்க நிறுவனத்தின் அலைவரிசையைப் பற்றிக்கொண்டு எதற்கும் உதவாமல் இருந்தது. பெரியவரும் தம் மகனை அழைத்து அழைத்துப் பார்த்துவிட்டுக் கைப்பேசியைப் பையில் வைத்தார். ஆறு மணிக்கு வெயில் சாய்ந்தது. அலைதடுப்புச் சுவரின் முனைக்குப் போய் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றேன். பாபாகலே மதிலிலிருந்து கண்ட அந்தச் சாய்ந்த பாய் கண்ணைவிட்டு அகலவில்லை. "உன் அம்மா உன்னை இப்படி வளர்க்கவில்லை." நான் அவனிடம் கடைசியாகச் சொன்ன சொல் அதுதான் என்பது நினைவுக்கு வந்தது.

அன்பானவர்களே, இருட்டும் வேளையில், அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து நான் அழுதேன். மகனுக்காகத்தான் தொடங்கினேன். சற்று நேரத்தில் அது அவன் தாய்க்கான அழுகையாயிற்று. மருத்துவமனை வராந்தாவில் அழாதது, கல்லறைத் தோட்டத்தில் அழாதது, வீட்டுக்கு வந்து அவள் கண்ணாடியை மேசைமேல் பார்த்தபோது அழாதது எல்லாம் சேர்ந்து வந்தது. பெரியவர் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் தேநீர் கொண்டுவந்தார். ஒன்றை என் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அருகே உட்கார்ந்துகொண்டார். தேநீர் ஆறிப்போயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை.

ஒன்பது மணியளவில் விடுதிக்குள் போனோம். விடுதியின் இணைய வசதியில் கைப்பேசியை இணைத்தவுடன் மகனின் செய்தி வந்து விழுந்தது. மாலை ஐந்தரை மணிக்கே அனுப்பியிருக்கிறான். "முன்பாயின் கயிறு அறுந்துவிட்டது. பாபாகலே துறைமுகத்தில் பத்திரமாய் இருக்கிறோம். காலையில் வருவோம். நீங்கள் ஆசோவிலேயே இருங்கள், அப்பா."

நாங்கள் அம்முனையைவிட்டுப் புறப்பட்ட சற்று நேரத்துக்கெல்லாம் அவர்கள் அங்கே ஒதுங்கியிருக்கிறார்கள். என் முதல் எண்ணம், உடனே காரை எடுத்துக்கொண்டு பாபாகலேக்குத் திரும்பிப்போக வேண்டும் என்பது. பெரியவரிடம் சாவியைக் காட்டிக் கேட்டேன். அவர் செய்தியை வாங்கித் தம் கைப்பேசியில் மொழிபெயர்த்து வாசித்தார். பிறகு தலையை அசைத்து, விரலால் தரையைச் சுட்டி, "ஹியர்" என்றார். இங்கேதான்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. திரும்பவும் அவ்விரு வசனங்களை எடுத்தேன். பகலில் துரோவாவின் தூணில் அமர்ந்து வாசித்தபோது பவுலின் தனிமை மட்டுமே எனக்குத் தெரிந்தது. இரவில் அடுத்த சொற்கள் தெரிந்தன. அவர் ஏற்பாடு செய்திருந்தார். கப்பலில் போகிறவர்களிடம் தாம் தரைவழியாய் வருவதைச் சொன்னார். எங்கே சந்திப்போம் என்பதையும் சொன்னார். அவர்கள் அவரைத் தடுக்கவில்லை. அவரைத் தங்களோடு கட்டாயமாய் ஏற்றவுமில்லை. சொன்ன துறையில் இரு சாராரும் வந்து நின்றார்கள். அவர் தனியே போனாரேயொழிய, அவர்களை விட்டுப் போகவில்லை.

நானோ அப்படிச் செய்யவில்லை. மனைவி மரித்தபோது, துக்கத்தின் தரைவழியில் நான் ஒருவனாய்ப் போனேன். அது தவறென்று நான் இன்றும் நினைக்கவில்லை. சிலர் அப்படித்தான் நடக்கிறார்கள். ஆனால் என் பிள்ளையிடம் நான் எந்த ஆசோவையும் சொல்லவில்லை. "அப்பாவுக்கு இப்போது பேச முடியவில்லை, ஆனால் இன்ன இடத்தில் உன்னைச் சந்திப்பேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவன் கடலில் எனக்காகக் காத்திருப்பான். அவன் கண்டதெல்லாம் பிரசங்க பீடத்தில் தடுமாறாமல் நின்ற ஒரு மனிதனை. என்னுடைய திடத்தை விசுவாசம் என்று சபையார் பாராட்டினீர்கள். அதே திடத்தை என் மகன் கல்நெஞ்சம் என்று வாசித்தான். அவன் வாசித்ததில் அவன் குற்றம் என்ன இருக்கிறது?

இதே அதிகாரத்தில், சில நாட்களுக்குப்பின் மிலேத்துவில் பவுல் மூப்பர்களோடு பேசும்போது, தாம் கண்ணீரோடு ஊழியம் செய்ததை இருமுறை குறிப்பிடுகிறார். முடிவில் அங்கிருந்த எல்லாரும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். தனியே நடந்தவர் தம் கண்ணீரை மறைத்து வைத்தவர் அல்லர். அந்தப் பகுதியை நான் எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறேன்! கண்ணீரைப் பற்றிக் கண்ணீரில்லாமல் பிரசங்கித்திருக்கிறேன்.

காலை எட்டு மணிக்கு மேற்கே பாய் தெரிந்தது. துறைமுகத்துக்குள் நுழையும்போது பாயை இறக்கிவிட்டு இயந்திரத்தில் வந்தார்கள். மகன் பின்புறத்தில் கயிற்றுச் சுருளோடு நின்றான். காற்று இன்னும் இருந்தது. படகு ஒருபுறமாய் ஒதுங்கிக்கொண்டே போயிற்று. "அப்பா, பிடியுங்கள்!" என்று கயிற்றை வீசினான். பிடித்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. "அந்த இரும்புக் குற்றியில் ஒரு சுற்று சுற்றுங்கள். இழுக்க வேண்டாம். சும்மா பிடித்திருந்தால் போதும்; படகு தானாய் வரும்" என்றான். சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். படகு மெல்லக் கரையை நெருங்கிற்று.

அவன் இறங்கியவுடன், இரவெல்லாம் எண்ணி வைத்திருந்தவற்றில் பாதியும் வாயில் வரவில்லை. "நேற்று அம்மாவுக்காக அழுதேன்" என்றேன். "முன்பே உன்னோடு சேர்ந்து அழுதிருக்க வேண்டும். அன்றிரவு அந்த வார்த்தையைச் சொன்னதற்கு என்னை மன்னித்துக்கொள்." அவன் ஒன்றும் சொல்லவில்லை. என் கையிலிருந்த கயிற்றை வாங்கி முடிச்சுப் போட்டான். முடிச்சுப் போட்டு முடித்தபின்னும் வெகுநேரம் குனிந்தே இருந்தான்.

பவுல் ஆசோவில் கப்பலேறினார் அல்லவா? நானும் ஏறினேன். அறுந்த கயிற்றை மாற்றிக்கொண்டு நண்பகலில் புறப்பட்டோம். பெரியவர் காரில் தனியே கிளம்பினார். வழியில் எனக்கு மறுபடியும் கடல் மயக்கம் வந்தது. மகன் ஒரு கையால் சுக்கானையும் மறுகையால் என் சட்டைக் காலரையும் பிடித்துக்கொண்டான். இடையிடையே அவன் தாயைப் பற்றிப் பேசினோம். அவள் மீன்குழம்பைப் பற்றி, அவள் கோபத்தைப் பற்றி, கடைசி நாட்களில் அவள் அவனிடம் மட்டும் சொன்ன சிலவற்றைப் பற்றி. அவற்றை நான் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். அய்வாலிக் துறைமுகத்தை அடைந்தபோது கரையில் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். கயிற்றைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

இதற்குமேல் நடந்ததைப் பெரிதாக்கிச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. என் மகன் ஆலயத்துக்குத் திரும்பிவிடவில்லை. நான் அவனிடம் அதைக் கேட்கவுமில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் மாலையில், என் ஆராதனைகள் முடிந்தபின், அவன் அழைக்கிறான். அந்த நேரத்தில் நான் வேறு எவருடைய அழைப்பையும் எடுப்பதில்லை. அது இப்போது எங்களுக்கு ஆசோ.

என் அருமைச் சபையாரே, உங்கள் வீடுகளுக்கு நான் வருகிறவன். ஒரே கூரையின்கீழ் ஒருவர் கடல்வழியாகவும் மற்றவர் தரைவழியாகவும் துக்கத்தைக் கடப்பதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பேசிப்பேசி ஆற்றிக்கொள்கிறாள். தகப்பன் வாய் திறப்பதில்லை. "இவருக்கு வருத்தமே இல்லை, ஐயா" என்று அவள் என்னிடம் முறையிடுகிறாள். "இவள் அடங்கவே மாட்டாள், ஐயா" என்று அவர் சொல்லுகிறார். இருவரும் ஒரே ஊருக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். எங்கே சந்திப்பது என்று மட்டும் பேசி வைக்கவில்லை.

தனியே நடக்க வேண்டியவர்கள் நடக்கலாம். பவுலுக்கே அது தேவைப்பட்டது. ஆனால் புறப்படுமுன் உங்களை நேசிக்கிறவர்களிடம் துறையின் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன துறையில் போய் நில்லுங்கள். படகு வரத் தாமதித்தால் காத்திருங்கள். வந்தால், ஏன் தாமதம் என்று கேட்குமுன் கயிற்றைப் பிடியுங்கள். இழுக்க வேண்டியதில்லை.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் யாரோடு பேசிச் சில காலமாயிற்றோ, அவருக்கு ஒரு நாளையும் ஒரு நேரத்தையும் குறியுங்கள். அதைச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அங்கே இருங்கள்.

ஜெபிப்போம்: எங்கள் வழிகளையெல்லாம் அறிந்திருக்கிற ஆண்டவரே, தரையில் நடக்கிறவர்களையும் கடலில் போகிறவர்களையும் நீர் காண்கிறீர். நாங்கள் மறைத்துவைத்த கண்ணீரையும் நீர் அறிவீர். எங்களுக்கு அன்பானவர்களைச் சந்திக்கும் துறையில் எங்களை நிறுத்தும். காத்திருக்கப் பொறுமையும், பிடித்துக்கொள்ள வெறுமையான கைகளும் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.